ஆட்டிசமா, லேட்டா பேசுறதா? வடசென்னை அம்மா அப்பாக்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் குழந்தைங்களுக்கு சொல்லிக் குடுக்குற ஸ்பெஷல் எஜுகேட்டர். டாக்டர் கிடையாது. ஆஸ்பத்திரி ஓபி வரிசையில, அங்கன்வாடி வாசல்ல, ஹவுசிங் போர்டு மாடிப்படியில நின்னுக்கிட்டு அம்மாங்க கேக்குற கேள்வியெல்லாம் சுத்தி சுத்தி ஒண்ணாத்தான் இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கும். இதைப் படிச்சுட்டு உங்க குழந்தைக்கு இருக்கு, இல்லன்னு நீங்களே முடிவு கட்டாதீங்க. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி எதைக் கவனிக்கணும், எப்படிச் சொல்லணும்னு தெரிஞ்சுக்கத்தான் இது. ஏன்னா ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கிறதுல பாதி வேலை வீட்ல இருக்கிறவங்க கண்ணுலதான் இருக்கு.

ஆட்டிசம்னா இன்னா மிஸ்? அது ஒரு வியாதியா?

வியாதி இல்லமா. ஜுரம், மஞ்சக்காமாலை மாதிரி நடுவுல வந்து ஒட்டிக்கிறதும் இல்ல, ஒருத்தர்கிட்டேந்து இன்னொருத்தருக்குத் தொத்துறதும் இல்ல. மூளை வளர்ற விதமே கொஞ்சம் வேற மாதிரி, அது வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சிடுது, நம்ம கண்ணுக்குத் தெரியுறது ஒண்ணு ரெண்டு வயசுலதான். உலக சுகாதார நிறுவனம் 2021க்குச் சொல்ற கணக்கு 127 பேர்ல ஒருத்தர். அதனால உங்க தெருவுக்கு மட்டும் வந்த விஷயம்னு நெனைக்காதீங்க.

டாக்டருங்க ரெண்டு பக்கமும் பாப்பாங்க. ஒண்ணு, மத்தவங்களோட சேர்ந்து பழகுறது: பேச்சு மட்டும் இல்ல, பார்வை, சைகை, சிரிப்பு, விளையாட்டு எல்லாம். ரெண்டாவது, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப செய்யுறது, மாத்தினா தாங்க முடியாம போறது, ஒரே பொருள் மேல அளவுக்கு மீறின பிடிப்பு, சத்தம் வெளிச்சம் தொடுதல் இதெல்லாம் ரொம்ப அதிகமாவோ ரொம்ப கம்மியாவோ உறைக்கிறது. இந்த ரெண்டு பக்கமும் இருந்தாதான் ஆட்டிசம். ஒரு பக்கம் மட்டும்னா வேற எதாவதா இருக்கலாம்.

ஸ்பெக்ட்ரம்னு ஏன் சொல்றாங்கன்னா, ஆடி மாசத்துல மைக் செட் போடுறவர் முன்னாடி ஒரு மிக்ஸர் இருக்கும் பாருங்க, ஒவ்வொரு குமிழும் ஒவ்வொரு அளவுல நிக்கும், அது மாதிரி. ஒரு குழந்தைக்குப் பேச்சு நல்லா இருக்கும் ஆனா சத்தம் தாங்காது, இன்னொருத்தனுக்குப் பேச்சே இல்ல ஆனா கூட்டத்துல ஜாலியா இருப்பான். அதான் ஒரு ஆட்டிசம் குழந்தையைப் பாத்துட்டு இன்னொண்ண எடை போடக்கூடாதுன்னு சொல்றது.

அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனாராம். மாமியார் வெயிட் பண்ணலாம்னு சொல்றாங்க, பண்ணலாமா?

வேணாம். இந்த ஒரு பதில்ல மட்டும் நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். லேட்டா பேசுற குழந்தைங்க நெஜமாவே இருக்காங்க, உங்க வீட்டுக்காரர் அப்படி இருந்திருக்கலாம், மாமியார் சொல்றது பொய் இல்ல. ஆனா லேட்டா பேசுற குழந்தை பேச்சு வராட்டியும் வேற வழியில பேசிக்கிட்டே இருக்கும். காக்காவைக் காட்டும், உங்க முகத்தைப் பாக்கும், மறுபடி காக்காவைப் பாக்கும். கடைக்குப் போகணும்னா செருப்பை எடுத்துட்டு வந்து நிக்கும். டாட்டா காட்டும், நீங்க போன் பேசுறதைப் பாத்துட்டு டப்பாவைக் காதுல வெச்சு அதுவும் பேசும்.

அதனால ‘பேசுறானா’ன்னு மட்டும் கேக்காதீங்க, ‘என்கிட்ட எதையாவது காட்டுறானா, பகிர்ந்துக்குறானா’ன்னு கேளுங்க. அது இல்லன்னா நாளைக்கே டாக்டர்கிட்ட கிளம்புங்க. காட்டிட்டு ஒண்ணும் இல்லன்னா நிம்மதி, இருந்துச்சுன்னா சின்ன வயசுலயே பயிற்சி ஆரம்பிச்ச லாபம். வெயிட் பண்றதுல என்ன லாபம் சொல்லுங்க?

எந்த வயசுல என்ன வரணும்? எதைப் பாத்து பயப்படணும்?

பயப்பட வேணாம், குறிச்சு வெச்சா போதும். 9 மாசத்துக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பணும், நீங்க சிரிச்சா சிரிக்கணும். 12 மாசத்துக்குள்ள ‘பபப, மமம’ன்னு மழலை, கையாட்டுறது, தூக்குன்னு கையை நீட்டுறது. 16 மாசத்துக்குள்ள ஒண்ணு ரெண்டு வார்த்தையாவது அர்த்தத்தோட. 18 மாசத்துல விரலை நீட்டிக் காட்டுறது, வேணும்னு காட்டுறது மட்டும் இல்ல, ‘அதோ பாரு’ன்னு காட்டுறது. 24 மாசத்துல ‘பால் தா’, ‘அம்மா வா’ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்து, நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றது இல்லாம சொந்தமா.

இதோட வேற மாதிரி சில விஷயம் பாக்கலாம். பொம்மை காரை ஓட்டாம தலைகீழாப் போட்டு சக்கரத்தை மட்டும் சுத்திக்கிட்டே இருக்கிறது, ஃபேனையே அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறது, நுனிக்கால்ல நடக்கிறது, கையை உதறுறது, தினமும் போற சந்துல போகாம வேற சந்துல போனா தரையில விழுந்து அழுறது, வெள்ளை சோறு மட்டும்தான் சாப்பிடுவேன்னு நிக்கிறது. இதுல ஒண்ணு ரெண்டு எல்லா குழந்தைக்கும் ஒரு வயசுல இருக்கும். பல விஷயம் சேர்ந்து, நாள் கணக்கா, விடாம இருந்தாதான் கணக்கு.

எனக்கு உடனே மனசுல தட்டுறது ஒண்ணு இருக்கு. தண்ணி வேணும்னா குழந்தை அம்மா மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் அவங்க கையை அப்படியே குடத்து மேல வெக்கும். முகத்தை நிமிர்ந்து பாக்காது. அம்மாங்க இதை ‘எவ்ளோ புத்திசாலி பாருங்க’ன்னு சந்தோஷமா சொல்வாங்க. புத்திசாலிதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அதைக் கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கண்ணைப் பாக்குறான், கட்டிப் புடிச்சு முத்தம் குடுக்குறான். அப்போ ஆட்டிசம் இல்லதானே?

அப்படிச் சொல்லிட முடியாது. ஆட்டிசம் குழந்தைக்கு பாசம் இருக்காதுன்னு நெனைக்கிறது ரொம்ப தப்பு. அம்மா மடியில ஒட்டிக்கிட்டே இருக்கிற பசங்க எத்தனையோ பேர். கண்ணைப் பாக்குறதும் முழுசா இல்லாம இருக்கணும்னு இல்ல, தேவைக்கு மட்டும் பாக்கலாம், பழகினவங்களை மட்டும் பாக்கலாம். பார்வை, சைகை, சத்தம் மூணும் ஒண்ணா சேர்ந்து வருதாங்கிறதுதான் கேள்வி.

இதே மாதிரி ‘நல்ல ஞாபக சக்தி இருக்கே’ன்னும் கேப்பாங்க. வண்ணாரப்பேட்டைலேந்து தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடின்னு விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஸ்டேஷன் ஒண்ணு விடாம சொல்ற பையனுக்கு ‘உன் பேர் என்ன’ன்னு கேட்டா பதில் வராம ‘உன் பேர் என்ன’ன்னே திரும்பி வரும். ஞாபகமும் பேச்சும் வேற, ஒருத்தரோட பேசிப் பழகுறது வேற.

கூப்பிட்டா திரும்ப மாட்டான், ஆனா ரைம்ஸ் சத்தம் கேட்டா பக்கத்து ரூம்லேந்து ஓடி வரான். காது நல்லாத்தானே கேக்குது?

நல்லா கேக்கலாம். ஆனா டெஸ்ட் பண்ணாம யாரும் சொல்ல முடியாது. சில குழந்தைக்கு சில சத்தம் கேக்கும், பேச்சுல வர்ற மெல்லிய ஒலி கேக்காது. குக்கர் விசில், லாரி ஹாரன் கேட்டுத் திரும்புறதால காது சரின்னு ஆகாது. அதனால ஆட்டிசம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி காது டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க, பெரும்பாலும் பெரா. குழந்தையைத் தூங்க வெச்சு தலையில சின்ன சின்ன ஒயர் ஒட்டி எடுப்பாங்க, வலிக்காது. தூங்குறதுக்கு மருந்து குடுப்பாங்க, அதுக்கு பயந்துட்டு டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க.

மொபைல் குடுத்து குடுத்துதான் இப்படி ஆயிடுச்சுன்னு எல்லாரும் என்னைத் திட்டுறாங்க.

மொபைலால ஆட்டிசம் வராது. ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’னு ரீல்ஸ்ல ஓடுதே, அப்படி ஒரு நோய்க்கணிப்பு எந்த மருத்துவப் புத்தகத்துலயும் கிடையாது. மொபைல் என்ன பண்ணும்னா, குழந்தை உங்களோட பேச வேண்டிய, விளையாட வேண்டிய நேரத்தைத் தின்னுடும், பேச்சு இன்னும் தள்ளிப் போகும். போனை நிறுத்தினதும் ஒரு குழந்தை நல்லா பேச ஆரம்பிச்சா சந்தோஷம், ஆனா நிறுத்தியும் மாறலன்னா ‘இன்னும் ஒரு மாசம் பாப்போம்’னு இழுக்காதீங்க.

உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டு வயசுக்கு முன்னாடி ஸ்க்ரீன் வேணாம், 2லேந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம். ஒத்தை ரூம் வீட்ல, வீட்டுக்காரர் ஷிப்ட்டுக்குப் போயிட்டு, சமையலும் துணியும் நீங்க ஒரே ஆளா பாக்கும்போது இது கஷ்டம்னு எனக்குத் தெரியும். போன் குடுக்குற அம்மாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன். வெங்காயம் உரிக்கும்போது தோலை அவன் கையில குடுத்து ‘போடு’ன்னு சொல்லுங்க, அதுவும் விளையாட்டுதான்.

தடுப்பூசி போட்ட அப்புறம்தான் வந்துச்சு. இல்ல கிரகணத்துல வெளிய போனதாலயா? நாங்க சொந்தத்துல கட்டுனவங்க வேற.

தடுப்பூசி கதை 1998ல இங்கிலாந்துல ஒரு டாக்டர் 12 குழந்தைங்களை வெச்சு எழுதின கட்டுரைலேந்து கிளம்பினது. அது தப்புன்னு நிரூபணமாகி 2010ல அந்தப் பத்திரிகையே கட்டுரையை வாபஸ் வாங்குச்சு, அந்த டாக்டரோட லைசென்ஸும் போச்சு. 2019ல டென்மார்க்குல ஆறரை லட்சம் குழந்தைங்களை வெச்சுப் பாத்து சம்பந்தமே இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்போ ஏன் ஊசிக்கு அப்புறம் வந்த மாதிரி தெரியுது? நம்ம ஊர்ல எம்ஆர் ஊசி (மீசல்ஸ், ரூபெல்லாவுக்குப் போடுறது) 9லேந்து 12 மாசத்துல ஒண்ணு, 16லேந்து 24 மாசத்துல ஒண்ணு. ஆட்டிசம் அறிகுறி வெளிய தெரியுற வயசும் அதேதான். ரெண்டும் ஒரே சமயத்துல வருது, அவ்ளோதான். ஊசியை நிறுத்தினா மீசல்ஸ்தான் வரும்.

கிரகணம், திருஷ்டி, அம்மா வேலைக்குப் போனது, அப்பா அடிச்சது எதுவும் காரணம் இல்ல. பெரும்பங்கு மரபணு. அதோட குறைமாசப் பிரசவம், அப்பா அம்மாவுக்கு வயசு அதிகமா இருக்கிறது, கர்ப்பத்துல வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிட்டது மாதிரி சில விஷயங்கள் வாய்ப்பை கூட்டும். (இதைப் படிச்சுட்டு யாரும் வலிப்பு மாத்திரையைத் தானா நிறுத்தாதீங்க, டாக்டர் மாத்திக் குடுப்பாங்க.) சொந்தத்துல கட்டினா சில அரிய மரபணுக் கோளாறு வர வாய்ப்பு கூடும், அதுல சிலதுல ஆட்டிசம் மாதிரி அறிகுறியும் இருக்கும், அதான் டாக்டர் கேப்பாங்க. மறைக்காம சொல்லுங்க. தாயத்து கட்டுறது, சர்ச்சுல ஜெபம் பண்றது, தர்காவுல ஓதுறது உங்க நம்பிக்கை, அதுல நான் தலையிட மாட்டேன், ஆனா அதுக்காக ஆஸ்பத்திரி தேதியைத் தள்ளாதீங்க.

வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். மூணு பாஷைல கொழம்பிட்டானோ?

இல்ல. நம்ம பக்கம் தெலுங்கு, உருது, இந்தின்னு வீட்டுக்கு ஒரு பாஷை, அதுல வளர்ற குழந்தைங்க எல்லாம் நல்லாத்தானே பேசுதுங்க. பல பாஷையால ஆட்டிசம் வராது. வார்த்தை எண்ணும்போது எல்லா பாஷையையும் சேர்த்து எண்ணுங்க, ‘நீள்ளு’வும் ‘தண்ணி’யும் ரெண்டு வார்த்தை. உங்களுக்கு எந்த பாஷைல கொஞ்ச வருமோ அதுலயே பேசுங்க. ஸ்கூல் சொல்லிச்சுன்னு தெரியாத இங்கிலீஷ்ல ‘கம், சிட், ஈட்’னு மட்டும் பேசினா குழந்தைக்குக் கிடைக்கிற பேச்சு கொறைஞ்சு போகும்.

ரத்தம் எடுத்தா, ஸ்கேன் பண்ணா தெரியாதா? ஏன் சும்மா பாத்துட்டே சொல்றாங்க?

தெரியாது. ஆட்டிசத்துக்குன்னு ரத்த டெஸ்டும் இல்ல, ஸ்கேனும் இல்ல. வலிப்பு சந்தேகம் இருந்தா இஇஜி (மூளையோட மின் அலையைப் பாக்குற டெஸ்ட்), முக அமைப்பு தலை அளவுல ஏதாவது வித்தியாசம் இருந்தா மரபணு டெஸ்ட், தைராய்டு, இரும்புச்சத்துன்னு எழுதுவாங்க. அதெல்லாம் கூட வேற எதாவது இருக்கான்னு பாக்க. எம்ஆர்ஐ நார்மல்னு வந்ததால ஆட்டிசம் இல்லன்னு ஆகிடாது. இதை ரொம்ப பேர் தப்பா புரிஞ்சுக்கிட்டு ரிப்போர்ட்டை பீரோல வெச்சுட்டு வருஷத்தை ஓட்டிடுறாங்க.

‘சும்மா’ பாக்குறது இல்லமா அது. சோப்பு நுரை ஊதுற டப்பா ஒண்ணு வெச்சிருப்பாங்க. ரெண்டு மூணு தடவை ஊதுவாங்க, குழந்தை குதிக்கும், அப்புறம் மூடியை இறுக்கி மூடி குழந்தை கைல குடுத்துட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருப்பாங்க. ஒரு குழந்தை டப்பாவை நீட்டிட்டு நிமிர்ந்து முகத்தைப் பாத்து ‘ம்’முன்னு கேக்கும். இன்னொரு குழந்தை டாக்டர் விரலைத் தூக்கி மூடி மேல வெக்கும், பார்வை டப்பாவை விட்டு நகராது. அந்த ஒரு நிமிஷத்துல அவங்களுக்கு நிறைய தெரிஞ்சிடும்.

எங்க காட்டுறது? முட்டுக்காடு வரைக்கும் போகணுமா?

முதல்ல பக்கத்துலயே ஆரம்பிங்க. பழைய ஜெயில் ரோட்டுல ஸ்டான்லி, குழந்தைகள் பிரிவும் இருக்கு மனநலப் பிரிவும் இருக்கு. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துலயும் குழந்தைங்களைப் பாப்பாங்க, அந்தப் பேரைக் கேட்டு தயங்காதீங்க. 2013லேந்து ஆர்பிஎஸ்கேன்னு ஒரு திட்டம், அதுல டாக்டர் டீம் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும், வளர்ச்சில தாமதம் தெரிஞ்சா ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் குடுப்பாங்க, 18 வயசு வரைக்கும் இலவசம். உங்க அங்கன்வாடி டீச்சர்கிட்ட டீம் எப்போ வருதுன்னு கேளுங்க.

முட்டுக்காட்டுல இருக்கிறது பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு தேசிய நிறுவனம், எல்லா பிரிவும் ஒரே எடத்துல இருக்கும். திருவொற்றியூர்லேந்து போனா ஒரு நாள் போயிடும், தினமும் தெரபிக்கு முடியாது. ஒரு தடவை முழுசா மதிப்பீடு பண்ணிட்டு, வீட்ல என்ன செய்யணும்னு எழுதி வாங்கிட்டு, பயிற்சியை வீட்டுக்குப் பக்கத்துல பாத்துக்கிறது நடைமுறைக்கு ஒத்து வரும்.

டாக்டர்கிட்ட என்ன எடுத்துட்டுப் போகணும்? உள்ள போனா எல்லாம் மறந்துடுது.

தடுப்பூசி கார்டு, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு (ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரில பொறந்திருந்தா அந்த சீட்டு), காது டெஸ்ட் எடுத்திருந்தா அது. அப்புறம் போன்ல வீடியோ. அடம் பிடிக்கிறதை மட்டும் எடுக்காதீங்க, சாதாரணமா இருக்கிறதை எடுங்க: தனியா விளையாடும்போது, பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடும்போது, சாப்பிடும்போது, தெருப் பசங்க கூட இருக்கும்போது. ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் போதும். புது எடத்துல குழந்தை பயந்து அழும், ஓபில கூட்டம் வேற, அந்தப் பத்து நிமிஷத்துல பாக்காததை உங்க வீடியோ காட்டும்.

சின்னக் குழந்தைன்னா எம்சாட்னு 20 கேள்வி கேப்பாங்க, 16லேந்து 30 மாசம் வரைக்கும் உள்ளவங்களுக்கு. அது சல்லடை மட்டும்தான், அதுல மார்க் அதிகம்னா ஆட்டிசம்னு அர்த்தம் இல்ல, முழுசா பாக்கணும்னு அர்த்தம். நம்ம நாட்டுல மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்கு ஐசான்னு 40 கேள்வி உள்ள அளவுகோல், ஒவ்வொண்ணுக்கும் 1லேந்து 5. மொத்தம் 70க்குக் கீழ இல்லன்னும், 70லேந்து 106 லேசு, 107லேந்து 153 நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம்னும் பிரிப்பாங்க. ‘எப்பயாவது’, ‘அடிக்கடி’, ‘எப்பவும்’னு கேக்கும்போது நல்லா யோசிச்சு சொல்லுங்க. குழந்தையை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு ‘அதெல்லாம் செய்வான்’னு சொல்லிட்டா நஷ்டம் குழந்தைக்குத்தான்.

ஒருத்தர் ஆட்டிசம்னாரு, ஒருத்தர் குளோபல் டிலேன்னாரு, இன்னொருத்தர் ஏடிஹெச்டி. யாரை நம்புறது?

மூணு பேரும் சரியா இருக்கலாம். குளோபல் டிலேன்னா நடை, பேச்சு, புத்தி, தன் வேலையைத் தானே செஞ்சுக்கிறதுன்னு பல விஷயத்துல பின்தங்குறது, அஞ்சு வயசுக்குக் கீழதான் அந்தப் பேரை வெப்பாங்க. ஏடிஹெச்டின்னா கவனம் நிக்காம, ஒரு எடத்துல உக்காராம துறுதுறுன்னு இருக்கிறது. அதுவும் ஆட்டிசமும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம், 2013ல வந்த அமெரிக்க மனநல சங்கத்தோட கையேட்டுலேந்து ரெண்டையும் சேர்த்தே எழுதுறாங்க. அதே வருஷம்தான் ஆஸ்பர்ஜர்னு தனியா சொல்லிட்டு இருந்ததையும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்ல சேர்த்தாங்க, அதனால பழைய ரிப்போர்ட்ல அப்படி இருந்தா குழம்பாதீங்க.

அனுபவம் உள்ளவங்க ரெண்டு வயசுலயே ஓரளவு உறுதியா சொல்லிடுவாங்க. சந்தேகம்னா ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கச் சொல்வாங்க, அதுல தப்பு இல்ல. ஆனா அந்த ஆறு மாசமும் ஸ்பீச் தெரபியும் விளையாட்டுப் பயிற்சியும் நடக்கணும். பேர் வெச்சாதான் பயிற்சின்னு எங்கயும் சட்டம் இல்ல.

நல்லா ‘அம்மா, அத்தை, காக்கா’ எல்லாம் சொல்லிட்டு இருந்துச்சு, ஒண்ணரை வயசுல எல்லாம் நின்னு போச்சு.

இதுக்கு ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க. வந்த பேச்சோ, டாட்டா காட்டுறதோ, விளையாட்டோ எந்த வயசுல காணாம போனாலும் உடனே டாக்டர். ஆட்டிசத்துல ஒரு பங்கு குழந்தைங்களுக்கு இப்படித்தான் தெரியும், பெரும்பாலும் ஒண்ணரை ரெண்டு வயசுல. ஆனா வலிப்பு மாதிரி வேற காரணமும் இருக்கலாம். பெண் குழந்தை கைல பொருள் பிடிக்கிறதை விட்டுட்டு துணி பிழியுற மாதிரி கையைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா ரெட்னு வேற ஒரு மரபணுப் பிரச்சனையைப் பாக்கணும். பழைய வீடியோ, பொறந்தநாள் வீடியோ எதையும் போன்லேந்து அழிச்சிடாதீங்க, எப்போலேந்து மாறுச்சுன்னு அதுலதான் தெரியும்.

தெருவுல சாவு மேளம் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு தலையைச் சுவத்துல இடிக்கிறான். இது அடமா?

அடம் இல்ல. அடம் புடிக்கிற குழந்தை ஓரக்கண்ணால உங்களைப் பாக்கும், கேட்டது கிடைச்சா நிறுத்திடும். இது தாங்க முடியாம வெடிக்கிறது, யார் பாத்தாலும் பாக்காட்டியும் நடக்கும், மிட்டாய் குடுத்தாலும் நிக்காது. பறையும் பட்டாசும், ஆடி மாசத்து ஸ்பீக்கரும், எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் லாரி ஹாரனும் நமக்கே நெஞ்சுல அடிக்குதே, அந்தக் குழந்தைக்கு அது வலி.

அடிக்காதீங்க, கத்தாதீங்க, அந்த நேரத்துல புத்தி சொல்லாதீங்க. உள்ள ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் லைட்டை அணைச்சு, தலைக்குத் தலையணை வெச்சு, பேச்சைக் கொறைச்சுக்கோங்க. மணலி, எண்ணூர் கம்பெனில மிஷின் சத்தத்துக்கு போடுற காது மூடி இருக்கு பாருங்க, குழந்தை சைஸ்லயும் வருது, அது நல்லா உதவும். தெருவுல எடுப்பு இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா கொஞ்ச நேரம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுங்க. எங்க தெருப் பசங்ககிட்ட சொன்னா அந்த வீட்டைத் தாண்டுற வரைக்கும் மேளத்தை நிறுத்துவாங்க, கேட்டுப் பாருங்க, நம்ம ஆளுங்களுக்கு அந்த மனசு இருக்கு.

கதவு தொறந்தா போதும், ஓடிடுறான். கடலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கோம் மிஸ்.

இதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. ஆட்டிசம் குழந்தைங்களுக்கு ஆபத்து புரியாம போகலாம், நிறைய பேருக்குத் தண்ணி மேல தனி ஈர்ப்பு, காணாமப் போனா முதல்ல கடல், கால்வாய், தண்ணித்தொட்டி பக்கம் தேடுங்க. கதவுல மேல் தாழ்ப்பாள் போடுங்க. கழுத்துச் செயின்லயோ சட்டை உள்பக்கத்துலயோ உங்க போன் நம்பர் இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, கேட்கீப்பர் எல்லார்கிட்டயும் குழந்தையைக் காட்டி ‘தனியா பாத்தா புடிச்சு வெச்சு கூப்பிடுங்க’ன்னு சொல்லி வெச்சிடுங்க. மறைச்சு வளர்த்தா இந்த உதவி கிடைக்காது.

பொண்ணு அமைதியாதான் இருக்கா, ஸ்கூல்லயும் கம்ப்ளைன்ட் இல்ல. பொண்ணுங்களுக்கும் வருமா?

வரும். நாலு பசங்களுக்கு ஒரு பொண்ணுன்னு கணக்கு சொல்வாங்க, ஆனா பொண்ணுங்க நிறைய பேர் கண்டுபிடிக்காமலே விடப்படுறாங்க. மத்த பொண்ணுங்களைப் பாத்து அப்படியே நடிச்சு சமாளிச்சுடுவாங்க, ‘கூச்ச சுபாவம்’னு நாமளும் விட்டுடுவோம். ஸ்கூல்ல அமைதி, வீட்டுக்கு வந்ததும் யூனிபார்மைக் கழட்டி எறிஞ்சு ஒரு மணி நேரம் அழுகைன்னா அதைக் கவனிங்க. ஒரே ஒரு தோழி, அவ வரலன்னா ஸ்கூலே வேணாம்ங்கிறதும் ஒரு குறிப்பு.

இது முழுசா குணமாகுமா? ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாகும்னு சொல்றாங்க, நகையை வெச்சு போடலாமான்னு பாக்குறோம்.

நகையை வெக்காதீங்க. தேசிய மருத்துவ ஆணையத்தோட நெறிமுறை வாரியமே 2022ல ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கப்படலன்னு சொல்லிடுச்சு. உடம்புலேந்து உலோகத்தை எடுக்குறோம்னு ஏத்துற மருந்து ஆபத்து. கோதுமை, பாலை நிறுத்துறதுக்கும் சரியான ஆதாரம் இல்ல, ஏற்கனவே நாலு அயிட்டம் சாப்பிடுற குழந்தைக்கு அதுல ரெண்டைப் புடுங்கினா எடைதான் கொறையும்.

ஆட்டிசத்தைப் போக்குற மருந்து கிடையாது. ரொம்ப ஆக்ரோஷம், தன்னையே காயப்படுத்திக்கிறதுன்னா ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் மாதிரி டாக்டர் குடுப்பாங்க, தூக்கத்துக்கும் வலிப்புக்கும் தனி மருந்து இருக்கு. மத்தபடி ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேஷன், எல்லாத்துக்கும் மேல வீட்ல நீங்க தினமும் செய்யுறது. பயிற்சியால நிறைய மாறும், எவ்ளோ மாறும்னு யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது, ‘ஆறு மாசத்துல நார்மல் ஆக்குறேன்’னு கேரண்டி குடுக்குற எடத்துல காலே வெக்காதீங்க.

சர்டிபிகேட் வாங்கினா பேரு கெட்டுடாதா? தங்கச்சிக்கு நாளைக்கு கல்யாணம் ஆகணும்.

அந்த சர்டிபிகேட்டை நீங்க காட்டுனாதான் அடுத்தவங்களுக்குத் தெரியும். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு. 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல இருந்தா அரசு சலுகைக்குத் தகுதி. சர்டிபிகேட்டுக்கும் யூடிஐடிங்கிற மாற்றுத்திறனாளி அடையாள கார்டுக்கும் ஆன்லைன்ல போடணும், இ-சேவை மையத்துல போட்டுக் குடுப்பாங்க, அப்புறம் அரசு ஆஸ்பத்திரில மெடிக்கல் போர்டு பாக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு குறிப்பிட்ட காலத்துக்குத்தான் குடுப்பாங்க, மறுபடி பாத்துப் புதுப்பிக்கணும்.

நிராமயான்னு மத்திய அரசு நேஷனல் ட்ரஸ்ட்டோட மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கு, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவுக்கும் ஒரு பங்கு வரும். பரிட்சையில கூடுதல் நேரம், எழுதுறதுக்கு ஆள், வருமான வரில கழிவுன்னு இன்னும் இருக்கு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல உதவித்தொகை பத்தியும் கேளுங்க. கேக்காம யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க.

ஸ்கூல்ல ‘வேற எடம் பாருங்க’ன்னு சொல்லிட்டாங்க.

அப்படிச் சொல்ல அவங்களுக்கு உரிமை இல்ல. மேல சொன்ன சட்டத்துலயே, 40 சதவீத சர்டிபிகேட் இருக்கிற 6லேந்து 18 வயசுப் பிள்ளைக்கு பக்கத்துப் பள்ளிலயோ விரும்புற சிறப்புப் பள்ளிலயோ இலவசமா படிக்கிற உரிமை இருக்கு. வாய்ல சொன்னா எழுதிக் குடுங்கன்னு கேளுங்க, பாதி எடத்துல அதோட பேச்சு மாறும். அரசு, மாநகராட்சிப் பள்ளின்னா வட்டார வள மையத்துல ஸ்பெஷல் எஜுகேட்டரும் தெரபிஸ்டும் உண்டு, ஹெச்எம்கிட்ட கேட்டு அவங்க வர்ற நாளைத் தெரிஞ்சுக்கோங்க.

என் அனுபவத்துல டீச்சருக்கு ஒரு பக்கத்துல எழுதிக் குடுக்குறது நல்லா வேலை செய்யுது: இவனுக்கு எது புடிக்கும், எந்த சத்தம் ஆகாது, அழுதா என்ன செஞ்சா அடங்குவான், பாத்ரூம் போகணும்னா எப்படிக் காட்டுவான். 40 பிள்ளைங்களை வெச்சுட்டு இருக்கிற டீச்சருக்கு ஆட்டிசம்னு மட்டும் சொன்னா பயம்தான் வரும், இதைக் குடுத்தா வழி தெரியும்.

ரெண்டாவது குழந்தைக்கும் வருமா?

மத்தவங்களை விட வாய்ப்பு அதிகம். அண்ணனுக்கோ அக்காவுக்கோ இருந்தா தம்பி தங்கச்சில சுமாரா அஞ்சுல ஒருத்தருக்கு வருதுன்னு ஆராய்ச்சி சொல்லுது. அதாவது அஞ்சுல நாலு பேருக்கு வரல. பெத்துக்கலாமா வேணாமாங்கிறது உங்க ரெண்டு பேர் முடிவு. பெத்துக்கிட்டா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லி வெச்சு 9 மாசத்துலேந்தே வளர்ச்சியைப் பாக்கச் சொல்லுங்க, 18, 24 மாசத்துல கண்டிப்பா.

எனக்கு 30 வயசு ஆவுது. பையனுக்கு கேக்குற கேள்வியெல்லாம் எனக்கே பொருந்துது. நானும் காட்டலாமா?

காட்டலாம். பிள்ளைக்குக் கண்டுபிடிச்ச அப்புறம் அப்பாவோ அம்மாவோ ‘நானும் இப்படித்தானே’ன்னு உணர்றது நிறைய நடக்குது. பெரியவங்களுக்கு மனநல டாக்டரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ பாப்பாங்க, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஓபிலயே கேக்கலாம். பதட்டம், ஏடிஹெச்டி, ஓசிடி (ஒரே எண்ணம் விடாம வர்றது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்யத் தோணுறது), சின்ன வயசுல பட்ட கஷ்டம் இதெல்லாமும் ஆட்டிசம் மாதிரியே தெரியும், இன்ஸ்டாகிராம் டெஸ்ட்ல பிரிச்சுப் பாக்க முடியாது.

முக்கியமா, இது சின்ன வயசுலேந்தே இருந்துச்சான்னுதான் அவங்க தோண்டிக் கேப்பாங்க. நமக்கே ஞாபகம் இருக்காது. அதனால அம்மாவையோ பெரியம்மாவையோ உக்கார வெச்சு எப்போ பேசினேன், யாரோட விளையாடுவேன், எதுக்கு அழுவேன்னு கேட்டு எழுதிக்கோங்க, பழைய ஸ்கூல் ரேங்க் கார்டுல டீச்சர் எழுதின குறிப்பு இருந்தா அதையும் எடுத்துக்கோங்க, முடிஞ்சா அம்மாவையே கூட கூட்டிட்டுப் போங்க.